தொண்டை மிஷினுக்கு ஷேவிங் மிஷின் பேட்டரி

என் மாமனாரின் குரலைக் கெடுத்ததும் நான்தான், சரி செய்ததும் நான்தான். சரி செய்த கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கெடுத்த கதை என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆன பிறகு இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும். ஆனாலும் எனக்குத் தலைக்கனம் மட்டும் குறைவில்லை. சுற்றுவட்டாரத்தில் டேப் ரெக்கார்டரைத் திறந்து மூடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பெண் பார்த்தது கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில். பெண்ணின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கள்ளக்குறிச்சியில் கிளம்பி கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் போகிற பஸ்ஸில் பதினாறு வருஷம் ஓடியவர். பஸ் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும் என்பார்கள். சந்தை நாளில் கோழி, கடுக்காய் மூட்டை, புளிக்கூடை, ஆட்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு குரல்தான் உள்ளே தள்ளி ஏற்றும்.

அந்தத் தொண்டையிலேயே நோய் வந்தது. மெட்ராஸில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, மூச்சு அந்த வழியாகப் போய் வந்தது. மூச்சு வாய்க்கு வராததால் பேச்சு மட்டுமில்லை, விசில் ஊதுவதும் போயிற்று. ஊமைக் கண்டக்டரை வைத்துக்கூட ஓட்டிவிடலாம், விசில் ஊதாத கண்டக்டரை என்ன செய்வது? பஸ் முதலாளி நல்ல மனிதர். ஷெட்டில் டிக்கெட் புத்தகம் பார்க்கிற வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் பஸ்ஸில் செய்த மாதிரியே தட்டிப் பேசினார். கூட்டத்தில் விசில் எட்டாதபோது கண்டக்டர்கள் உள்ளங்கையால் பஸ் தகரத்தைத் தட்டுவார்களே, அதே பாஷை. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம். மாமியார் “இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமா?” என்று கேட்டால் சுவரில் ஒரு தட்டு. “சந்தைக்குப் போய்ட்டு வரட்டுமா?” என்றால் இரண்டு தட்டு. நாய்க்குக்கூட அந்த பாஷை தெரியும் என்று என் மனைவி சொல்வாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாசத்தில் அவருடைய மூத்த பெண்ணுக்கு நிச்சயம் நடந்தது. எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் தட்டு மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டார் “பொண்ணு எங்களுது, பரிசம் உங்களுது” என்பார்கள். பெண்ணைப் பெற்றவர் “பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது” என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். மூன்று தடவை. அதைச் சொன்னால்தான் பெண் கொடுத்ததாகக் கணக்கு. அப்பாவால் முடியாவிட்டால் பங்காளிகளில் ஒருவர் சொல்லலாம். அன்றைக்கு அவர் தம்பி சொன்னார். இவர் பக்கத்தில் நின்று அழுதாராம். அந்த அழுகைக்கும் சத்தம் இல்லாததால் முதுகுப் பக்கம் நின்றவர்களுக்கு அவர் அழுவதே தெரியவில்லை என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார்.

அதற்கு அடுத்த வருஷம் சிங்கப்பூரில் இருந்த அவருடைய சகலை ஒரு மிஷின் வாங்கி அனுப்பினார். பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும். முனையைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அப்போது வாயை அசைத்தால் அந்த ரீங்காரமே பேச்சாக மாறி வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது. கோபமும் கொஞ்சலும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஆனாலும் பேச்சு பேச்சுதான். நாலு மாசம் விடாமல் பழகினாராம். பழகும்போது என்ன சொல்வது என்று தெரியாமல், கள்ளக்குறிச்சியில் தொடங்கி வெள்ளிமலை வரைக்கும் ஸ்டாப்பிங் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்த வீட்டில் அதற்குத் தொண்டை மிஷின் என்று பெயர்.

பெண் பார்க்கப் போனபோது அந்த மிஷினைக் கழுத்தில் வைத்து என்னிடம் கேட்டார்.

“ரேடியோ ரிப்பேராமே. நம்பளையும் ரிப்பேர் பண்ணுவீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே என் அம்மாவிடம் அவர் ஒன்றைச் சொன்னார். “பெரியவளுக்கு என்னால சொல்ல முடியல. இவளுக்கு நானே சொல்லணும்.” அவருக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். அதற்கப்புறம் கொடுப்பதற்கு அவருக்குப் பெண்ணும் இல்லை.

பெண் டைப்ரைட்டிங் வகுப்புக்காகத் தினமும் கள்ளக்குறிச்சி வருவாள். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த மிஷின், ஒரு கைக்குட்டையில் சுற்றி.

“சத்தம் கம்மியா வருதுங்க. சார்ஜ் போட்டாலும் நிக்க மாட்டேங்குது.”

அந்த மிஷினைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ரிப்பேர்காரன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். ஆனால் கட்டிக்கொள்ளப்போகிற பெண் முதல் தடவையாகத் தனியாக வந்து நிற்கிறாள். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். டார்ச் செல் தீர்ந்துபோனால் எல்லோருக்கும் சொல்கிற வைத்தியத்தையே அவளுக்கும் சொன்னேன்.

“பேட்டரி ஈரம் குடிச்சிருக்கும். ரெண்டு நாள் நல்ல வெயில்ல வெச்சி எடுங்க. ஜம்முனு ஆயிடும்.”

டார்ச் செல்லை வெயிலில் வைக்காத வீடு அப்போது எங்கள் ஊரில் கிடையாது. ரேடியோவில் செய்தி பாதியில் இழுத்தால் செல்லைக் கழற்றிக் கூரைமேல் வைப்போம், மறுநாள் கொஞ்சம் பாடும். ஆனால் அது ஒரு தடவை தீர்ந்தால் தூக்கிப் போடுகிற செல். இது சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி. இதற்குச் சூடு என்றாலே ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வந்ததெல்லாம் அவள் கட்டியிருந்த பச்சைத் தாவணிதான்.

நாலாம் நாள் மறுபடி வந்தாள். முகம் வாடியிருந்தது.

“மல்லாட்ட காயற களத்துல மொறத்துல வெச்சோங்க. ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வெச்சோம். இப்போ சுத்தமா வரல. அப்பா ரெண்டு நாளா பேசல.”

நிலக்கடலை காய்கிற களத்தில், வடகம் மாதிரித் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. மிஷினைத் திறந்தேன். உள்ளே விரல் தடிமனில் மூன்று பேட்டரிகள் வரிசையாக, ஓரங்களில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகக் கசிந்திருந்தன. கழற்றி மாட்டுகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு பேட்டரி முனையிலும் வால் மாதிரி ஒரு தகடு வைத்து, அந்த வாலை போர்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். இதைச் செய்த மகராசன் வாங்குகிறவனெல்லாம் அவன் பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பான் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கெட்டுப்போனால் சிங்கப்பூருக்குத்தான் அனுப்ப வேண்டும். போய் வர இரண்டு மாசம். நிச்சயத்துக்கு இருந்தது ஆறு நாள்.

“வெயில்ல வெச்சதாலதான் போச்சு,” என்றேன். “நான் சொன்னது தப்பு.”

அவள் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சரி, மாத்திக் குடுங்க. வூட்டுல நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள்.

வீட்டில் அவள் என்ன சொல்லியிருந்தாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெயிலில் வைக்கிறது தன்னுடைய யோசனை என்று சொல்லி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் பிரியம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அந்த மாதிரிப் பேட்டரி கள்ளக்குறிச்சியில் கிடைக்காது. மெட்ராஸில் ரிச்சி தெருவில் கிடைக்கும். மறுநாளே பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் பஸ் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம் அந்த வருஷங்களில் விட்டுவிட்டு நடந்துகொண்டேதான் இருந்தது. கூட்டம், ஊர்வலம், ஒரு நாள் மறியல் என்று பழகிவிட்டோம். ஆனால் இந்தத் தடவை சாலை ஓரத்து மரங்களையெல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம், திருக்கோவிலூர்ப் பக்கம், எங்கேயும் ஒரு வண்டி நகரவில்லை. மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்டும் போயிற்று. அந்த நாட்களில் உயிரை இழந்தவர்கள் இருக்கிறார்கள், வீடு எரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் என்னுடையது ஒரு கஷ்டமே இல்லை. ஆனால் எனக்கு அப்போது அந்த மூன்று பேட்டரிதான் கண்ணில் நின்றது.

பக்கத்துக் கடை பாய் குடை, செண்டு, கடிகாரம் எல்லாம் விற்பவர். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். வெயில் விஷயத்தை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னேன். மிஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“சார்ஜ் போடற பேட்டரின்னா, ஷேவிங் மிஷின்ல இருக்குமே, அதுவா?”

“அதேதான் பாய்.”

எழுந்து போய் மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மச்சான் துபாயிலிருந்து அவருக்கு அனுப்பிய ஷேவிங் மிஷின். உறை கூடப் பிரிக்கவில்லை. பாய்க்கு நெஞ்சு வரைக்கும் தாடி.

“இந்த தாடிக்கு ஷேவிங் மிஷின் அனுப்பறான் பாரு, அவனுக்கு இன்னா சொல்றது? எடுத்துக்க தம்பி.”

“புதுசு பாய். உடைச்சாத்தான் பேட்டரி வரும்.”

“உடை. ஒரு மனுசன் பேசட்டும்.”

உடைத்தேன். உள்ளே மூன்று பேட்டரி இருந்தது, என் குலதெய்வம் புண்ணியம். கொஞ்சம் சின்னது, பாதி நேரம்தான் தாங்கும். இடைவெளிக்கு அட்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். கரண்ட் இல்லாததால் சால்டரிங் கம்பியின் முனையை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய்ச்சினேன். பேட்டரி உடம்பில் நேராகச் சூடு வைத்தால் அதுவும் செத்துவிடும். தகட்டு வாலின் நுனியில்தான் வைக்க வேண்டும், வைத்ததும் எடுத்துவிட வேண்டும். சூடு சரியாக இருக்கிற நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் ஆறிவிடும், மறுபடி ஸ்டவ்வுக்குப் போக வேண்டும். பாய் ஈரத்துணியைப் பேட்டரியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஆறு இடத்தில் பற்றவைக்க ஒரு முழுக் காலைப் பொழுது ஆனது. ஒரு தடவை வெயிலைக் காட்டிக் கெடுத்தவன், இந்தத் தடவை நெருப்புக்குப் பக்கத்தில் வேலை செய்கிறேன்.

சார்ஜ் ஏற்ற, லாரி ஷெட்டில் சும்மா கிடந்த ஒரு பெரிய பேட்டரியைக் கேட்டு வாங்கி வந்தேன். நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினேன், மின்சாரம் கம்மியாகப் போகட்டும் என்று. ஒரு நாள் பூராவும் அந்தப் பல்பு மங்கலாக எரிந்தது. சாயங்காலம் மிஷினை என் கழுத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கி, சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். நாக்கில் என்ன இருந்ததோ அதுதான் வந்தது.

“பரிசம் எங்களுது. பொண்ணு உங்களுது.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “நீ மாப்ளடா தம்பி. நீ எதுக்குப் பொண்ணு குடுக்கற?”

நிச்சயத்தைத் தள்ளிப்போடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாள் குறித்துத் தள்ளிப்போனது தங்காது என்று என் அம்மா பிடிவாதம். சொன்ன நாளில் நடந்தே போனோம். வேனில் வர வேண்டிய நாற்பது பேரில் பதினோரு பேர். பழத்தட்டு, புடவைத்தட்டு, வெற்றிலைத்தட்டு எல்லாம் தலையில். புளியமரம் குறுக்கே கிடக்கிற இடத்திலெல்லாம் தட்டுகளை அந்தப் பக்கம் கைமாற்றிக் கொடுத்துவிட்டு நாங்கள் ஏறிக் குதித்தோம். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த போராட்டக்காரப் பையன்களே என் அம்மாவைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார்கள். “கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிக வெக்கணும்மா,” என்று ஒருவன் சொன்னான். “மரத்த எடுத்துட்டு வா, சோறு போடறேன்,” என்று அம்மா சொன்னாள். மிஷின் என் சட்டைக்குள், பனியனோடு ஒட்டிக் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் ஈரத் துண்டை நெஞ்சில் போட்டு மூடிக்கொண்டு நடந்தேன். யாருக்கும் காரணம் தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். கழுத்துத் துளையை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு. மாப்பிள்ளை இப்படி முந்திக்கொண்டு பேசக்கூடாதுதான். ஆனாலும் மிஷினை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன்.

“மாமா, பேட்டரி சின்னது. கொஞ்ச நேரந்தான் தாங்கும். இங்கயும் கரண்ட் இல்ல, மறுபடி ஏத்த முடியாது. சபைல சொல்றதுக்கு மட்டும் வெச்சுக்கங்க.”

தட்டித்தான் பதில் சொன்னார். நிலைப்படியில் இரண்டு தட்டு.

சபை உட்கார்ந்தது. என் அப்பா தட்டை நீட்டி “பொண்ணு எங்களுது, பரிசம் உங்களுது” என்றார். மாமனார் மிஷினைக் கழுத்தில் வைத்தார். ரீங்காரம் வந்தது.

“பரிசம் எங்களுது. பொண்ணு உங்களுது.”

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை என் அப்பா சொன்னார், அவரும் சொன்னார். ரீங்காரம் ஒரு நூல் இறங்கியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இன்னும் ஒரு தடவைக்குத் தாங்கும், அவ்வளவுதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மூன்றாவது தடவை என் அப்பா சொல்லி முடித்தார். மாமனார் சபையைப் பார்க்கவில்லை. உள்கதவுக்குப் பக்கம், பெண்களுக்கு நடுவில் நின்ற மகளைப் பார்த்துத் திரும்பினார். மிஷினைக் கழுத்தில் வைத்தார்.

“அம்மாடி. உனக்கு இஷ்டந்தானே?”

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சபையில் வைத்துப் பெண்ணை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். தட்டு மாறுகிற நேரத்தில் அவளைக் கேட்க என்ன இருக்கிறது என்பதுதான் வழக்கம். அவர் தம்பி “இன்னாண்ணே இது, சபைல போய்,” என்று முணுமுணுத்தார். எனக்கோ உள்ளே அடித்துக்கொண்டது. ஐயோ, பேட்டரி தீர்கிறதே மாமா, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்களேன்.

அவள் தலை குனிந்தபடி “ம்” என்றாள். அவருக்கு அது போதவில்லை. மறுபடி பொத்தானை அமுக்கினார். ரீங்காரம் தேய்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

“பயப்படாத. வாயத் தொறந்து சொல்லு.”

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். “இஷ்டந்தாம்பா,” என்றாள். சபை முழுக்கக் கேட்டது.

அவர் தலையசைத்துவிட்டு என் அப்பா பக்கம் திரும்பினார். பொத்தானை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. மறுபடி அமுக்கினார். பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தம்பி “நான் சொல்லட்டுமா அண்ணே?” என்று முன்னால் வந்தார். மாமனார் கையை நீட்டி அவரை நிறுத்தினார். மிஷினை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்த மரத்தூணை வலது உள்ளங்கையால் தட்டினார்.

இரண்டு தட்டு.

அந்தச் சபையில் அவர் பஸ்ஸில் ஏறாதவர் ஒருவரும் இல்லை. என் அப்பா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“கண்டக்டர் ரைட் குடுத்துட்டாரு. அப்பறம் இன்னா?”

மாமனார் அழுதார். அந்த அழுகைக்கு அப்போதும் சத்தம் இல்லை. ஆனால் மகள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரிந்தது. பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, தூணின்மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.